கடைக்குட்டிப் பையன் லெப்டினன்ட் கர்னல் ஆன கதை

கேள்வி இதுதான்: விக்டோரியா ராணி காலத்துப் பிரிட்டிஷ் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த எளிய வீட்டுப் பையன் எவ்வளவு தூரம் மேலே வர முடிந்தது? அப்படி ஒருவருடைய வாழ்க்கையை இன்றைக்கு உட்கார்ந்து பிறப்பிலிருந்து ஓய்வு வரை தேடி எடுக்க முடியுமா?

இரண்டுமே முடியும். ஆனால் முதலாவது மிகச் சிலருக்குத்தான் முடிந்தது. பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது என்பதால் ஒரே ஆளை எடுத்துக்கொள்கிறேன். பெயர் ஃபிராங்க் போர்ன். 1879-ல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் சண்டையைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். அந்தச் சண்டை அவருக்குப் புகழைத் தந்தது. பதவி உயர்வைத் தந்தது எழுத்தும் கணக்கும். நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் அவரை அதிகாரி ஆகவிடாமல் நிறுத்தி வைத்தது காசு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால் அந்தக் கால ராணுவம் எப்படி ஓடியது என்பது பிடிபட்டுவிடும்.

போர்ன் பிறந்தது 1854 ஏப்ரலில், இங்கிலாந்தின் தெற்கே சசெக்ஸ் மாவட்டத்தில் பால்கம் என்ற கிராமத்தில். விவசாயக் குடும்பம். எட்டு ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி. எட்டாவது பிள்ளைக்கு நிலத்தில் என்ன பங்கு வந்திருக்கும் என்று நம்மூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1872 டிசம்பரில், பதினெட்டு வயதில், ரைகேட் ஊரில் போய் ராணுவத்தில் சேர்ந்தார். அப்பா தடுத்துப் பார்த்தார், பையன் கேட்கவில்லை.

அப்பா தடுத்ததை அன்றைய கண்ணோடு பார்க்க வேண்டும். ராணுவத்தில் சேர்வது அப்போது கௌரவமான காரியம் இல்லை. வேலை கிடைக்காதவன், குடிகாரன், ஊரில் ஏதோ தப்பு செய்துவிட்டு ஓடியவன், இவர்கள் போகிற இடம் என்றுதான் ஊர் நினைத்தது. அதே பத்தாண்டில் வில்லியம் ராபர்ட்சன் என்ற இன்னொரு கிராமத்துத் தையற்காரர் மகன் சிப்பாயாகச் சேர்ந்தார். 'உன்னைச் சிவப்புச் சட்டையில் பார்ப்பதைவிடப் புதைத்துவிடுவது மேல்' என்று அவருடைய அம்மா கடிதம் எழுதினார். (அந்தப் பிள்ளை பிற்பாடு ஃபீல்டு மார்ஷல் ஆனார். சிப்பாயாகத் தொடங்கி அந்த உச்சிப் படியை எட்டியவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் அவர் ஒருவர்தான். அந்த அளவு விதிவிலக்கான ஆளை வைத்து எதையும் பொதுவாகச் சொல்ல முடியாது என்பதால்தான் போர்னைப் பிடித்துக்கொண்டேன்.)

சம்பளம் நாளுக்கு ஒரு ஷில்லிங். ரொட்டி ஒரு பவுண்டும் (எடை, சுமார் 450 கிராம்), எலும்போடு சேர்த்து முக்கால் பவுண்டு இறைச்சியும் தருவார்கள். காய்கறி, தேநீர், சலவை, பாசறையில் உடைந்த பொருளுக்கு ஈடு என்று மிச்சமெல்லாம் சம்பளத்திலிருந்து பிடித்தம். கையில் வருவது சில பென்ஸ்தான்.

ஆனாலும் போர்ன் சேர்ந்த நேரம் மோசமில்லை. போர் அமைச்சராக இருந்த கார்ட்வெல் ராணுவத்தைக் குலுக்கிப் போட்டிருந்தார். 1868-ல் அமைதிக் காலத்தில் சாட்டையடியை நிறுத்தினார்கள். 1870-ல் வந்த சட்டப்படி பன்னிரண்டு வருஷ ஒப்பந்தத்தில் பாதியைப் படையிலும் பாதியை வீட்டிலிருந்தபடியே ரிசர்விலும் கழிக்கலாம். 1871-ல் அதிகாரிப் பதவிகளை விலைக்கு விற்பது ஒழிந்தது. ஆமாம், அதுவரை விற்றார்கள். காலாட்படையில் கடைசிப் படி அதிகாரியான என்சைன் பதவிக்கு அரசு விலை 450 பவுன். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங், அதனால் நாளுக்கு ஒரு ஷில்லிங் வாங்குகிறவன் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் இருபத்து நான்கு வருஷத்துக்கு மேல் ஆகும்.

இந்தக் கணக்கைச் சும்மா போடவில்லை. போர்னின் கம்பெனிக்கு, அதாவது சுமார் நூறு பேர் கொண்ட படைப்பிரிவுக்கு, அதிகாரி லெப்டினன்ட் புரோம்ஹெட், பாரோனெட் என்ற பரம்பரைப் பட்டம் உள்ளவரின் மகன். தந்தை நெப்போலியனைத் தோற்கடித்த வாட்டர்லூ போரில் சண்டையிட்டவர். மகன் 1867-ல் என்சைன் பதவியை விலைக்கு வாங்கித்தான் போர்ன் இருந்த 24-ம் ரெஜிமென்ட்டுக்குள் வந்தார். ஒரே கம்பெனியில் ஒருவர் 450 பவுன் கதவு வழியாகவும், இன்னொருவர் ஒரு ஷில்லிங் கதவு வழியாகவும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

போர்னுக்கு உடம்பு பெரிதாக இல்லை. சுமார் ஐந்தரை அடி உயரம், ஒல்லி. படைப்பிரிவில் அவரைப் 'பொடியன்' என்கிற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்துத்தான் கூப்பிட்டார்கள். 1964-ல் வந்த பிரபலமான ஒரு படத்தில் இவரை நெடுநெடுவென்று வளர்ந்த, கனத்த குரலுள்ள நடுவயது ஆளாகக் காட்டியதால் இன்றைக்கும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தச் சண்டையின்போது அவருக்கு 24 வயது.

அந்த வயதுக்குள் எப்படி மேலே வந்தார்? 1875-ல் கார்ப்பரல். 1878-ல் சார்ஜென்ட், அதே வருஷம் கலர் சார்ஜென்ட். எழுதப்படிக்கத் தெரிந்தது இங்கேதான் கைகொடுத்தது. ராணுவம் 1860-களின் தொடக்கத்திலேயே கல்விச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்திருந்தது. கார்ப்பரல் ஆக மூன்றாம் வகுப்புச் சான்றிதழ், சார்ஜென்ட் ஆக இரண்டாம் வகுப்பு. வாசிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டுப் பிழையில்லாமல் எழுத வேண்டும், பணக்கணக்குப் போட வேண்டும். இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளிக்கான பெரிய சட்டம் 1870-ல்தான் வந்தது, கட்டாயக் கல்வி 1880-ல். அதாவது போர்ன் வயதுப் பையன்களில் நல்ல கையெழுத்தும் கணக்கும் கைவந்தவன் பாசறையில் தனியாகத் தெரிவான்.

கலர் சார்ஜென்ட் என்றால் கொடி பிடித்து நிற்பவர் என்று பெயரைப் பார்த்து நினைத்துவிடக் கூடாது. கம்பெனியில் அதிகாரி அல்லாதவர்களில் அவர்தான் மூத்தவர். நூறு பேருக்குச் சம்பளம் பிரித்துக் கொடுப்பது, பிடித்தம் போடுவது, பெயர்ப்பதிவு, ஆளுக்கொரு கணக்குப் புத்தகம், யாருக்கு எந்தத் தண்டனை, யார் ஆஸ்பத்திரியில், எல்லாம் அவர் கையில். ஒரு பென்னி குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதிகாரி குதிரையேற்றத்துக்கும் விருந்துக்கும் போனாலும் கம்பெனி ஓடிக்கொண்டிருக்கும். கலர் சார்ஜென்ட் ஒருநாள் படுத்துவிட்டால் ஓடாது.

சரி, சண்டைக்கு வருவோம். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இது ஆங்கிலேயர்கள் வலியப்போய் ஆரம்பித்த போர். ஜூலு அரசர் செட்ச்வாயோவால் ஏற்கவே முடியாத நிபந்தனைகளை விதித்துவிட்டு, கெடு முடிந்ததும் 1879 ஜனவரி 11-ல் எல்லையைத் தாண்டினார்கள். ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானா என்ற இடத்தில் பிரிட்டிஷ் முகாமை ஜூலு படை அழித்தது. ஆங்கிலேயர்களும் அவர்களோடு இருந்த ஆப்பிரிக்கப் படையினருமாக 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். போர்னின் ரெஜிமென்ட்டுக்குத்தான் பெரும் அடி.

போர்ன் இருந்த பி கம்பெனியை ஆற்றுத்துறைக்குப் பக்கத்தில் ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் காவலுக்கு விட்டிருந்தார்கள். ஸ்வீடன் நாட்டுப் பாதிரியார் ஒருவரின் இரண்டு கட்டடங்கள். ஒன்று ஆஸ்பத்திரி, மற்றது உணவுக் கிடங்கு. நோயாளிகளையும் சேர்த்துச் சுமார் 150 பேர். எதிரே வந்தவர்கள் மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் இடையில். தப்பிவந்த குதிரைவீரர்கள் மதியத்துக்கு மேல் சேதி சொன்னபோது ஓடுவதா நிற்பதா என்று யோசித்தார்கள். நோயாளிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் வெட்டவெளியில் மாட்டிக்கொள்வோம், நிற்போம் என்று எடுத்துச் சொன்னவர் டால்டன். அவரும் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வுபெற்று, உணவு விநியோகப் பிரிவில் மறுபடி வேலைக்கு வந்தவர்தான்.

கிடங்கில் இருந்த மக்காச்சோள மூட்டைகளையும் பிஸ்கட் பெட்டிகளையும் அடுக்கி மார்பளவுச் சுவர் எழுப்பினார்கள். ஒரு மூட்டை ஏறக்குறைய 90 கிலோ. ஜனவரி அங்கே கோடை. அந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் அடுக்கி முடித்திருக்கிறார்கள். முன்னணியில் ஒரு வரிசை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் எதிரியைத் தாமதப்படுத்தும் வேலை போர்னுக்கு. அப்புறம் சுவருக்குள் திரும்பி, இரவு முழுக்க ஆட்களுக்கு இடையில் நடந்துகொண்டே இருந்தார். புரோம்ஹெட்டுக்குக் காது சரியாகக் கேட்காது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். சத்தமாகக் கத்தி ஆளை நகர்த்துகிற பொறுப்பில் பாதிக்கு மேல் சார்ஜென்ட்டுகள் தலையில்தான் விழுந்திருக்கும்.

மாலை நாலரைக்குத் தொடங்கியது விடிகாலை நான்கு மணிவாக்கில்தான் ஓய்ந்தது. மார்ட்டினி ஹென்றி துப்பாக்கிக் குழல் சூடேறிக் கையைச் சுட்டதால் துணியைச் சுற்றிப் பிடித்துச் சுட்டார்கள். பின்னுதைப்பில் தோள் கன்றிப்போனது. கையிருப்பில் இருந்த சுமார் 20,000 தோட்டாக்களில் காலையில் மிஞ்சியது 900 சொச்சம். பிரிட்டிஷ் தரப்பில் 17 பேர் இறந்தார்கள். சுவரைச் சுற்றி 350 ஜூலு உடல்களை எண்ணினார்கள். காயம்பட்டுக் கிடந்த ஜூலுக்களை மறுநாள் கொன்றதும் நடந்தது. வீரக்கதையாகச் சொல்கிறவர்கள் அந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்ட வேண்டிய விஷயம் இல்லை அது.

பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் 11 பேருக்குக் கிடைத்தது. போர்னுக்கு அதற்கு அடுத்த படியான சிறப்பு நடத்தைப் பதக்கமும் (டி.சி.எம்.), வருஷத்துக்குப் பத்துப் பவுன் உதவித்தொகையும் கிடைத்தன. கூடவே அதிகாரிப் பதவி தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டார்!

இந்த இடத்தைத்தான் நான் மெதுவாகப் படிக்கச் சொல்வேன். பதவியை விற்பது ஒழிந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. விலை போய்விட்டது, செலவு போகவில்லை. அதிகாரியின் சீருடைகள், சாப்பாட்டுக் கூடத்தின் பில், மது, விருந்தாளிகள், குதிரை, எல்லாம் சொந்தக் காசு. அரசு தரும் சம்பளத்தில் மட்டும் வாழ முடியாது, வீட்டிலிருந்து பணம் வந்தே ஆக வேண்டும் என்பது எல்லாரும் ஒத்துக்கொண்ட உண்மை. எட்டாவது பிள்ளைக்கு எந்த வீட்டிலிருந்து வரும்? குடும்பத்தில் பணம் இல்லாததால் ஏற்க முடியவில்லை என்று போர்னே பிற்பாடு சொல்லியிருக்கிறார். ராபர்ட்சன் 1888-ல் அதிகாரி ஆனபோது, செலவு குறைவு, சம்பளம் கூடுதல் என்பதற்காகவே இந்தியாவில் இருந்த குதிரைப்படைக்குப் போனார். மற்றவர்கள் ஷாம்பெயின் குடித்தபோது அவர் தண்ணீர் குடித்தார்.

போர்ன் காத்திருந்தார். ரெஜிமென்ட்டோடு இந்தியாவுக்கு வந்தார், பர்மாவுக்கும் போனார். 1881-ல் 24-ம் ரெஜிமென்ட்டின் பெயர் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் என்று மாறியது. (அதை வைத்து ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் இருந்தவர்கள் எல்லாம் வேல்ஸ்காரர்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அப்போது அது வார்விக்‌ஷயர் பெயர் தாங்கிய ரெஜிமென்ட், ஆட்களில் பெரும்பாலானோர் வேல்ஸ்காரர்கள் அல்ல, போர்னும் அல்ல.) 1884-ல் குவார்ட்டர்மாஸ்டர் சார்ஜென்ட். 1890-ல், சேர்ந்து பதினெட்டாவது வருஷத்தில், கௌரவ லெப்டினன்ட் தகுதியோடு குவார்ட்டர்மாஸ்டர் ஆனார்.

சிப்பாயாக இருந்து வந்தவர்களுக்கென்றே ராணுவம் திறந்து வைத்திருந்த பக்கவாசல் அது. உடுப்பு, உணவு, தங்குமிடம், கிடங்குக் கணக்கு, இதுதான் வேலை. படையை நடத்திச் செல்லும் வரிசையில் அவர் வரமாட்டார். கூடவே இருந்த இளம் லெப்டினன்ட்டுகள் ஒருநாள் பட்டாலியனை நடத்துவார்கள், குவார்ட்டர்மாஸ்டர் நடத்தமாட்டார். அதில் ஒரு சாதிவாடை இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கலர் சார்ஜென்ட்டாகப் பழகிய கணக்கெழுத்து அங்கே அப்படியே உதவியது என்பதும் உண்மை.

450 பவுன் கதவு வழியாக வந்த புரோம்ஹெட் மேஜர் ஆகி, 1891-ல் அலகாபாத் பக்கம் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தார். 45 வயது. போர்ன் 1893-ல் இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் ஹைத் என்ற ஊரில் இருந்த துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் அட்ஜுடன்ட் ஆனார். பள்ளியின் அன்றாட நிர்வாகம் அவருடையது. ராணுவம் முழுவதிலிருந்தும் வந்த அதிகாரிகளும் சார்ஜென்ட்டுகளும் குறிபார்த்துச் சுடக் கற்றது அங்கேதான். 1907-ல் ஓய்வுபெற்றார். முதல் உலகப்போர் வந்ததும் அறுபது வயதில் திரும்பி வந்து, டப்ளினில் இதேபோன்ற பள்ளியில் அட்ஜுடன்ட் வேலை பார்த்தார். 1918-ல் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவியும் ஓ.பி.ஈ. விருதும் கிடைத்தன. லண்டனை ஒட்டிய பெக்கன்ஹாமில் குடியிருந்தார். 1936-ல் பி.பி.சி. வானொலியில் அந்த இரவைப் பற்றிப் பேசினார். அந்தச் சண்டையில் இருந்தவர்களில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். இறந்தது 1945 மே 8, ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்த அதே நாள்.

இந்த ஒரு வாழ்க்கையை மட்டும் பார்த்துவிட்டு ராணுவம் எளியவர்களைத் தூக்கிவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். அதே இரவு, அதே கம்பெனியில் ஆஸ்பத்திரியைக் காத்து விக்டோரியா கிராஸ் வாங்கிய ஹென்றி ஹூக்கைப் பாருங்கள். மேலே சொன்ன படம் அவரைக் குடிகாரனாகக் காட்டியது, நிஜத்தில் மதுவைத் தொடாதவர். 1880-லேயே பணம் கட்டி ராணுவத்தை விட்டு விலகி, பிரிட்டிஷ் மியூசியத்தில் தூசி தட்டும் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு படிப்பறைக்கு வருகிறவர்களின் குடைகளை வாங்கி வைக்கும் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்து, காசநோயோடு ஓய்வுபெற்று, 1905-ல் இறந்தார். அதே இரவுக்காக விக்டோரியா கிராஸ் வாங்கிய இன்னும் இருவர் கதையும் இப்படித்தான். வில்லியம் ஜோன்ஸ் வறுமையில் தன் பதக்கத்தையே கைவிட நேர்ந்தது. ராபர்ட் ஜோன்ஸ் 1898-ல் துப்பாக்கிக் காயத்தில் இறந்தார். எதிரே நின்ற ஜூலு வீரர்களுக்கோ பென்ஷனும் கிடையாது, பதிவேடும் கிடையாது.

இனி இரண்டாவது கேள்வி: எப்படித் தேடுவது?

தலைமை இடம் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் டபிள்யூ ஓ 97 (டபிள்யூ ஓ என்றால் போர் அலுவலகம்) என்ற வரிசையில் இருக்கின்றன. பிறந்த ஊர், சேர்ந்த வயது, முந்தைய தொழில், உயரம், கண்ணின் நிறம், தண்டனைகள், விடுவித்த காரணம் எல்லாம் வரும். ஆனால் ஒரு சிக்கல், 1883-க்கு முன்னால் பென்ஷனோடு போனவர்களின் தாள்களைத்தான் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பென்ஷன் இல்லாமல் விலகியவர்களும் சேர்கிறார்கள். பணியிலேயே செத்தவரும் ஓடிப்போனவரும் இதில் கிடைக்கமாட்டார்கள். அவர்களுக்கு மஸ்டர் என்னும் சம்பளப் பட்டியல்தான் கதி, டபிள்யூ ஓ 12, 16 வரிசைகள். காலாண்டுக்கு ஒருமுறை ஆள் எந்த ஊரில், ஆஸ்பத்திரியிலா சிறையிலா என்று காட்டும். புரட்டப் பொறுமை வேண்டும், பலன் நிச்சயம் உண்டு. பதக்கப் பட்டியல்கள் டபிள்யூ ஓ 100. போர்ன் மாதிரி அதிகாரியாகிவிட்டவர்கள் 'ஆர்மி லிஸ்ட்' என்ற அதிகாரிகள் பட்டியலிலும் லண்டன் கெஜட் என்ற அரசிதழிலும் வருவார்கள். கெஜட்டை இணையத்தில் இலவசமாகவே தேடலாம்.

பெயரை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ரோர்க்ஸ் ட்ரிஃப்டில் விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜான் வில்லியம்ஸின் நிஜப் பெயர் ஜான் ஃபீல்டிங். வீட்டார் தேடிப் பிடித்துவிடக் கூடாதென்று பெயரை மாற்றிச் சேர்ந்தவர். இப்படிச் செய்தவர்கள் நிறையப் பேர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஓர் ஆள் திடீரென்று காணாமல்போனால் செத்துவிட்டார் என்று எழுதிவிட வேண்டாம். 1911-க்கு முந்தைய கணக்கெடுப்புகளில் வெளிநாட்டில் இருந்த சிப்பாய்களைப் பொதுவாக அதில் சேர்க்கவில்லை, எனவே அவர் அப்போது இந்தியாவிலோ ஆப்பிரிக்காவிலோ இருந்திருக்கலாம்.

நீங்கள் தேடும் சிப்பாய் நம் பக்கம் இருந்தவர் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம், திருச்சிராப்பள்ளி, வெல்லிங்டன் போன்ற படைமுகாம்களின் சர்ச்சுகளில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவுகளை நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். மதராஸ் மாகாணத்துக்கான அந்த நகல்கள் இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் என் 2 என்ற வரிசையில் உள்ளன. திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் ரெஜிமென்ட்டும் பதவியும் பெரும்பாலும் இருக்கும். ரெஜிமென்ட்டும் வருஷமும் கையில் கிடைத்துவிட்டால், கியூவில் அந்த ரெஜிமென்ட்டின் சம்பளப் பட்டியலை எடுத்து, ஆள் எந்தக் காலாண்டில் முதலில் தலைகாட்டுகிறார் என்று பின்னோக்கிப் புரட்ட ஆரம்பியுங்கள்.